ஆரின்ரை ரத்தம்?

1992 ஐப்பசியில், மழை இருண்டுகொண்டு வந்த ஒரு பின்னேரம், வரணிக் கமக்காரர் நமசிவாயம் தன் மனைவி மகாதேவியை வாடகைக் காரில் ஏற்றிக் கொடிகாமத்துக்குக் கொண்டுவந்தார். கரு கலைந்து, இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் குண்டு விழுகிறது என்றார்கள். வேறு வழியில்லை. டொக்டர் இராசநாயகம் தன் பழைய கல்வீட்டில் நடத்திய சிறிய மருத்துவமனை வாசலில் கார் நின்றது.

உள்ளே ஈரச் சுவரின் மணமும் டெற்றோல் நெடியும். இரண்டு கட்டில்கள். ஒன்றில் மகாதேவியைக் கிடத்தினார்கள். மற்றதில் யாரோ ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு கிடப்பதை நமசிவாயம் கண்டார்.

டொக்டர் ஒரு இரத்தப் போத்தலைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்.

தாதி கமலாவதி தயங்கினாள். "டொக்டர், உந்த ரத்தத்தை இன்னும் இவவின்ரை ரத்தத்தோடை ஒத்துப் பாக்கேல்லை. ஆரின்ரை ரத்தமெண்டும் தெரியாது."

"ஆள் போகப்போகுது மிஸி. பாத்துத்தான் ஏத்த வேணுமெண்டு எந்தச் சட்டம் சொல்லுது?"

ஊசியைக் குத்திவிட்டு அவர் வெளியே போனார். பஞ்சு எடுக்கக் கமலாவதியும் போனாள்.

போத்தலில் குமிழி எழும்பியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பல்லோடு பல் அடிபடும் சத்தம்.

மகாதேவியில்லை. மற்றக் கட்டில்.

"குளிருது."

நமசிவாயம் திரும்பினார். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கழுத்தில் கறுத்த செபமாலை.

"அண்ணை, எனக்கும் உப்பிடித்தான் ஏத்தினவை. கழட்டுங்கோ."

அவர் போத்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ... நாரி நோகுது," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள் மகாதேவி. அவள் உடம்பும் நடுங்கத் தொடங்கியது.

குழாயை மடித்து நெரித்துக்கொண்டு நமசிவாயம் கத்தினார். ஓடிவந்த கமலாவதி ஊசியைக் கழற்றினாள். போத்தல் இரத்தத்தில் ஒரு துளியையும் மகாதேவியின் இரத்தத்தில் ஒரு துளியையும் கண்ணாடித் தட்டில் சேர்த்தாள். அது பால் திரைவதுபோலத் திரைந்தது.

டொக்டர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"என்ரையைப் பாருங்கோ," என்று நமசிவாயம் கையை நீட்டினார். அவருடைய இரத்தம் திரையவில்லை. அதை ஏற்ற ஏற்ற, மகாதேவியின் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது.

அதன் பிறகுதான் அவர் மற்றக் கட்டிலைப் பார்த்தார். மெத்தைகூட இல்லாத வெறும் இரும்புச் சட்டம்.

"மிஸி, அதிலை இருந்த பிள்ளை எங்கை?"

கமலாவதி வாசலை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதிலை ஒருத்தரும் இல்லை அண்ணை. போன மாதம் குருநகர்க் கத்தரீனா கிடந்தவ. பிழையான ரத்தம். குளிருது குளிருதெண்டு சொல்லியே செத்துப்போனா. புருசன் வந்து நியாயம் கேட்டவர். ஆரிட்டை வேணுமெண்டாலும் போய்ச் சொல்லெண்டு டொக்டர் கதவைச் சாத்திப்போட்டார். அந்த மனுசன் ஆரிட்டைப் போய்ச் சொல்லும்?"

தைப்பொங்கல் கழிந்து கமலாவதி வரணிக்கு வந்தாள். மகாதேவி தேறியிருந்தாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தான் அந்த வேலையை விட்டுவிட்டதாகக் கமலாவதி சொன்னாள்.

"டொக்டர் இப்ப பாத்துத்தானே ஏத்துறார்?" என்று கேட்டார் நமசிவாயம்.

கமலாவதி தலையை இருபுறமும் ஆட்டினாள். இல்லை.

"அப்ப அந்தப் பிள்ளை... இன்னும் அங்கைதானோ?"

"ஓம் அண்ணை. பின்னேரத்திலை அந்த அறைக்குள்ளை நிக்கேலாது." தேத்தண்ணிக் கோப்பையை அவள் கீழே வைத்தாள். "முந்தி குளிருதெண்டு ஒரு குரல்தான் கேக்கும்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு."