கட்டியை விரட்டிய சந்தேகம்

என் மலக்குடலில் குடியேறிய புற்றுக்கட்டி, என் மச்சினன் குணசீலனின் பார்வைக்குப் பயந்துதான் ஓடிப்போனது. சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவ இயந்திரங்கள் தேனொழுகப் பேசத் தொடங்கியதும், நோயாளிகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அதனால் சட்டம் வந்தது: சிகிச்சைக்குப் போகிறவர் ஓர் 'ஐயுறுநரை' அழைத்துவர வேண்டும். நம்பாமல் இருப்பதுதான் அவர் வேலை. அவர் ஒப்புக்கொண்டால்தான் இயந்திரத்தின் பேச்சு செல்லும். குணசீலன் இதற்கென்றே பிறந்தவன். எடை பார்க்கும் மெஷினில் ஏறினால், முதலில் மெஷினின் எடையைக் கேட்பான்.

முதலில் வெட்டுக்கருவி பேசியது. "கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில். இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். பிறகு ஆயுளுக்கும் வயிற்றில் மலம் சேர ஒரு பை."

"கத்தி வச்சிருக்கவன் வேற என்ன சொல்லுவான்?" என்றான் குணசீலன்.

கதிர்க்கருவி தொண்டையைச் செருமியது. "முதலில் கதிர்வீச்சு, பிறகு மருந்து. கட்டி முழுதாகக் கரைந்தால் வெட்டாமல் கண்காணிக்கலாம். கரையாவிட்டால் அறுவைதான்."

"தோத்தாலும் தோப்பேன்னு அதுவே சொல்லுது மச்சான். இதுகிட்ட போவோம்."

போனோம். உட்கார்ந்தால் அடுப்பு, எழுந்தால் எரிமலை. என் சூட்டில் பக்கத்து வீட்டார் அப்பளம் பொரித்தார்கள். மாதங்கள் கழித்து, "கட்டி இல்லை" என்றது கதிர்க்கருவி.

"ஒளிந்திருக்கலாம்," என்றது வெட்டுக்கருவி. "ஐயுறுநர் நம்பாவிட்டால் நாளையே அறுவை."

"மாப்ள, நம்பிருடா. இல்லன்னா பையைக் கட்டிக்கிட்டு அலையணும்டா," என்று கெஞ்சினேன்.

குணசீலன் என்னைப் பார்க்கவில்லை. "எங்கக்காவுக்கும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னுச்சு ஒரு மெஷினு. நீங்களும் நானும் தலையாட்டுனோம்."

அக்கா என்றால், போய்ச்சேர்ந்த என் மனைவி. எனக்குக் கிண்டல் வற்றிப்போனது.

குடலுக்குள் மறுபடி கேமரா விடச் சொன்னான். எம்.ஆர்.ஐ. படத்தை மூன்று முறை எடுக்க வைத்தான். கடைசியில், "மனுசக் கையால பாக்கணும்" என்று அடம்பிடித்து, டாக்டர் ரெஹானாவை இழுத்து வந்தான். அவர் கையுறை மாட்டி, விரலால் சோதித்தார்.

"வழவழன்னு இருக்கு. தழும்பு மட்டும்தான். ஆனா திரும்பி வரலாம். விடாம வந்து காட்டணும்."

"நான் கூட்டியாரேன் டாக்டர். ஒரு தடவகூட விடமாட்டேன்."

வெட்டுக்கருவி கேட்டது. "ஐயுறுநரே, கட்டி போய்விட்டது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

குணசீலன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"போயிருச்சு," என்றான். "நெசமாவே போயிருச்சு மச்சான்."