ஒன்பது முகங்களின் துணி

துணிக்கு அடியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது புஷைபுக்கு இப்போது நிச்சயமில்லை. ரசிகர்களின் முரசு முதலில் நின்றதா, அந்தப் பிடி முதலில் வந்ததா, அதுவும் தெரியவில்லை. வெயில் அடித்த மதியம் என்பது மட்டும் உறுதி.

பழைய கால்பந்து மைதானத்தில் அன்று கடைசி ஆட்டம். அதன்பின் இடிக்கப்போகிறார்கள். முன்பொரு ஆட்டத்தின்போது இதே வடக்குப் பார்வையாளர் படிகளில் நெரிசலில் இறந்த ஒன்பது பேரின் முகங்களைத் தீட்டிய பெருந்துணியை ரசிகர்கள் தலைக்குமேல் கைமாற்றி விரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முகம் புஷைபின் மகன் ஹிஷாமுடையது. கல்லறையில் அவன் இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இருந்தால் இங்கேதான். இனி எங்கே போய்த் தேடுவது?

துணி கடக்கும்வரை யாரும் கையை இறக்கக் கூடாது. அது இந்தப் படிகளின் வழக்கம்.

“நல்லாத் தூக்குங்க ஹாஜி, இல்லேன்னா உங்க மொட்டைத் தலையிலதான் விழும்” என்றான் பக்கத்தில் நின்ற லார்பி. மீன் சந்தைக்காரன். அவன் தம்பியும் அந்த ஒன்பதில் ஒருவன்.

துணி மூடியது. பெயிண்ட் வாடை, வியர்வை, காலடியில் நொறுங்கும் சூரியகாந்தி விதைத் தோல், கடற்காற்றில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் நீல இருட்டு.

முரசு நின்றது.

யாரோ பின்னாலிருந்து சட்டை ஓரத்தைப் பிடித்தார்கள்.

கூட்டத்தில் ஹிஷாம் அப்படித்தான் பிடிப்பான். பதினேழு வயதிலும். “தொலையப்போறது நீங்கதான் வாப்பா” என்பான்.

திரும்பினால் விட்டுவிடுவானோ. புஷைப் திரும்பவில்லை. கைகளை இறக்கி, பின்னால் துழாவினார். விரல்கள். ஈரம். குளிர்.

“லார்பி, எனக்குப் பின்னாடி யாருப்பா?”

லார்பியின் கைகளும் கீழே இருந்தன. எதையோ இறுகப் பற்றியிருந்தான்.

“தம்பி வந்திருக்கான், ஹாஜி. பேசாதீங்க.”

அவனுக்கு அப்பாலும் அப்படியே. வரிசை வரிசையாக. இந்தப் படிகளுக்கு யாருமே முதன்முதலில் தனியாக வந்ததில்லை. அழைத்து வந்தவர்கள், அழைத்து வரப்பட்டவர்கள், இப்போது உயிரோடு இல்லாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாக் கைகளும் கீழே.

துணி மட்டும் இறங்கவில்லை.

மேலே அதில் உள்ளங்கைகள் பதிந்தன. பதிந்து பதிந்து அதை நகர்த்தின. தோள் இல்லை. முழங்கை இல்லை. பதிவுகள் மட்டும்.

அன்று அவர்கள் அணி தோற்றது. கோடையில் மைதானத்தை இடித்தார்கள். லார்பி சந்தையை விட்டுத் தாஞ்சியர் நகரத்துக்குப் போய்விட்டான். புஷைப் கடைவீதியில் மெல்லத்தான் நடக்கிறார். பின்னால் ஆளில்லை, சட்டை ஓரம் மட்டும் பின்னோக்கி விறைத்து நீண்டிருக்கிறது.