சீப்புச் சத்தம்

வயிற்றிலிருந்து வெளியே எடுத்த முடி ஒரு முழ நீளம் இருந்தது. குழந்தையின் தலையில் இருந்ததோ விரலுக்குள் அகப்படாத ஒட்ட வெட்டிய கிராப்பு.

அறுவை சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளின் வயிற்றைத் திறந்து மூடுகிறவள் அவள். முடியைத் தின்னும் குழந்தைகள் அபூர்வம்தான் என்றாலும் இது அவளுக்கு நான்காவது. தின்ற முடி செரிக்காமல் இரைப்பையின் வடிவத்திலேயே திரண்டு கிடக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்தாள். தேங்கிய சாக்கடை நாற்றத்தோடு அது தட்டில் கறுப்பாகப் பளபளத்தது. பேன் தொல்லையால் போன வருடமே வெட்டிவிட்டதாகவும், தனக்கும் குட்டை முடிதான், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றும் குழந்தையின் அம்மா சொன்னபோது, பொம்மை முடியாக இருக்கும் என்று சமாளித்து, குழந்தையை அடிக்காமல் மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் குழந்தை சிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள். எடை மளமளவென்று இறங்கியது.

இத்தனை நாளும் வார்டிலேயே இருந்த குழந்தை. கைகளில் துணியுறை, தலையில் தொப்பி. நர்ஸ்கள் முறை வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார்கள். ஆனாலும் ஸ்கேனில் அதே இடத்தில் அதே கட்டி தெரிந்தது. முன்பைவிடப் பெரிதாக.

டாக்டர் படுக்கை அருகே போனாள். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை வெள்ளை விரிப்பில் நீட்டியிருந்தது. பினாயில் வாசனை, பக்கத்துக் கட்டிலில் யாரோ கரண்டியால் டம்ளரைக் கலக்கும் ஓசை, தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டபடி தூரமாகித் தேய்வது, இவை எல்லாம் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியதும் அடங்கிப்போயின. தையல் தழும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். குடலின் களகளப்பு கேட்க வேண்டும். கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. மேலிருந்து கீழாக நிதானமாக இழுபடும் ஓர் உராய்வு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே உராய்வு.

"சீப்பு சத்தம் கேக்குதா டாக்டர்?" என்றாள் சிட்டு.

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நான் ஒண்ணுமே திங்கல. அவங்கதான் சீவிட்டே இருக்காங்க."

"யாரு கண்ணா?"

"உள்ள இருக்கறவங்க."

அம்மா குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. "ராத்திரியெல்லாம் இதையேதான் சொல்றா. நீங்க சரிபண்ணிடுவீங்கல்ல டாக்டர்?"

பண்ணிவிடலாம் என்றாள் டாக்டர். சொன்ன குரல் தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் மேசையில் ஏற்றினார்கள். தையலுக்குப் பதிலாக இந்த முறை ஒரு ஜிப் வைத்துவிடலாமே என்று மயக்க மருந்து டாக்டர் வழக்கம்போல் கிண்டலடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பழைய தழும்பின் மேலேயே கீறி, இரைப்பையைத் திறந்து, டாக்டர் இரண்டு விரல்களை உள்ளே விட்டாள்.

சிக்கு இல்லை. உருண்டை இல்லை.

மெல்ல வெளியே எடுத்தாள். எதிரே நின்ற நர்ஸின் கையிலிருந்து பஞ்சு நழுவியது.

பின்னல். மூன்று கால் பிரித்து, இறுக்கமாக, ஒரு முடிகூடப் பிசிறாமல் பின்னியது. அதன் மறுமுனை இரைப்பையின் அடிவாய் வழியாகக் குடலுக்குள் இறங்கியிருந்தது.

வாலும் வந்தாக வேண்டும். விட்டுவைத்தால் குடல் அடைத்துக் குழந்தை செத்துவிடும். பின்னலைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

நின்றது.

திரும்பி உள்ளே போனது.

குடலின் அசைவுதான், வேறென்ன, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். அந்தப் பக்கத்தில் இருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. மயக்கத்தில் கிடந்த சின்ன உடம்பு மேசையில் ஓர் அங்குலம் நகர்ந்தது. மானிட்டரில் எல்லாம் சீராகவே ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், விட்டுடுங்க," என்றார் நர்ஸ்.

"விட முடியல சிஸ்டர்."

பின்னல் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. தான் சுற்றியதைவிட இரண்டு சுற்று அதிகம். கத்தரிக்காக மறு கையை நீட்டினாள்.

விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடலின் மெல்லிய சுவர் உள்ளிருந்து புடைத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வரிசையாக விரல் நுனிகள். சற்றுத் தள்ளி, ஐந்தாவது.

அவை பின்னலைப் பற்றியபடி மேலே ஏறின.