மூடிய கணவாய்

நிராசவா மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிளின் பின்சக்கரம் வழக்கம்போல் கிடுகிடுவென்று சத்தமிட்டபடி உருண்டு, மெல்ல ஓய்ந்து, நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. பின்னால், சற்றுத் தள்ளி, இன்னும் இரண்டு மூன்று விநாடி கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

மலையில் எதிரொலி இப்படியும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். இருபது வருடமாக இந்தக் கணவாய்ச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பழைய பாதைகளையும் கோயில்களையும் எல்லைக் கற்களையும் காட்டி வருவார். இன்று வியாழக்கிழமை. தனியாக வந்திருந்தார். தோள்பையில் ஓர் உளியும் சுத்தியலும் இருந்தன. ஒவ்வொரு மிதிக்கும் அவை முதுகெலும்பில் இடித்தன.

சற்று முன் அடிவாரத்தில், கடைசி வீட்டு வாசலில், ஹிசானோ காக்கி என்கிற சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோலுரித்துக் காயப்போடக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல இப்படி ஒட்டிக்கிட்ட டவுசரா, நிராசவா-சான்? எங்க வீட்டு முள்ளங்கிகூட இதவிட அடக்கமா இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் வருது. வழி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"கணவாய்க் கல்லு வரைக்குமா?"

"ம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒகிட்சு-சானும் இதே எடத்துல நின்னு இப்படித்தான் சொன்னார். பாத்துட்டு வந்துடறேன்னு."

அவர் மிதித்து வந்துவிட்டார். அதன் பிறகுதான் இந்தச் சத்தம்.

மேலே கமிஹாரா என்றொரு சிற்றூர் இருந்தது. மெய்ஜி பத்தொன்பதாம் ஆண்டு, அதாவது 1886இல், அங்கே வாந்திபேதி கண்டது. கீழூர்க்காரர்கள் மூங்கில் வெட்டிக் கணவாயை அடைத்துவிட்டார்கள். மேலூர்க்காரர்கள் அடைப்பு வரை இறங்கிவந்து தண்ணீர் கேட்டார்கள். யாரும் திறக்கவில்லை. முப்பத்தொரு பேர் பாதையிலேயே உட்கார்ந்தபடி செத்தார்கள். அடைக்கச் சொன்னது யார் என்பது கோயில் ஏட்டில் இருந்தது. அந்தக் கிறுக்கல் தூரிகை எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இந்த ஊரிலேயே நிராசவா ஒருவர்தான். மூன்று வருடம் முன்பு ஊர் இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஏட்டில் இருந்த பெயர் நிராசவா கன்ஸோ. அவருடைய கொள்ளுத்தாத்தா. கட்டுரையில் அவர் எழுதிய பெயர் ஒகிட்சு.

ஏன் அந்தக் குடும்பம்? அப்போது அவர்கள் கணவாய்க்கு அருகில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். நூற்று முப்பது வருடம் முன்பு நடந்தது இப்போது யாரைச் சுடப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுட்டது. ஒகிட்சுவின் டோஃபுக் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவருடைய மகளிடம் பள்ளியில் யாரும் தண்ணீர்ப் புட்டியைப் பகிர்ந்துகொள்ளவில்லை. "அடைச்ச வீட்டுப் பொண்ணு" என்றார்கள். ஒரு நாள் ஒகிட்சு இவர் வாசலில் வந்து நின்றார். சோயாப் பால் மணக்கும் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு தடவை திரும்பப் பாத்துச் சொல்லுங்க, நிராசவா-சான். எங்கப்பா அப்படி எதுவும் சொன்னதே இல்ல. நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

"ஏட்டுல இருக்கறதத்தான் எழுதினேன். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மன்னிச்சுக்கோங்க."

இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஒகிட்சு மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கணவாயில் பெயர் பொறித்த கல் இருக்கிறதாமே என்று தேடி மேலே போனார். அன்றிரவே பனி கொட்டத் தொடங்கியது. உருகிய பிறகுதான் அவரைக் கண்டுபிடித்தார்கள். பாதையோரம் உட்கார்ந்திருந்தார். வாய்க்குள் மட்டும் பனி உருகாமல் நிறைந்திருந்தது.

தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் வளைவில், ஆரஞ்சுக் கம்பத்தின் உச்சியில், எதிரே வரும் வண்டிகளைக் காட்டும் வட்டக் கண்ணாடி இருந்தது. ஓரமெல்லாம் பாசி. நிராசவா அண்ணாந்து பார்த்தார். வளைந்த சாலை, இருபுறமும் ஈரத்தில் கறுத்த தேவதாரு மரங்கள், நடுவே குட்டியாகத் தன் உருவம். அதற்குப் பின்னால் ஒருவர், தன் உயரத்துக்குப் பொருந்தாத சின்ன சிவப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலை குனிந்து வந்துகொண்டிருந்தார்.

திரும்பினார். சாலை காலி. விழுந்த இலைகள். எங்கோ நீர் சொட்டியது.

மறுபடி கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் தேய்க்கும் பிரஷும் வாளியுமாக வந்து அந்தக் கல்லைக் கழுவப்போகிறார்கள். பாசி போனால் எழுத்து தெரியும். தூரிகை எழுத்து இல்லை, உளியால் வெட்டிய தெளிவான எழுத்து, குழந்தைகூட வாசிக்கும். கன்ஸோ கடைசிக் காலத்தில் தூக்கம் வராமல் தன் கையாலேயே செதுக்கி நட்ட கல் அது. 'இங்கே பாதையை அடைத்தவன் நிராசவா' என்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். மூடுபனி இறங்கியிருந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, ஆனாலும் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் கழுவிய அரிசித் தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. கல் இடுப்புயரம். பாசியைச் சுரண்டினார். கொள்ளுத்தாத்தாவின் கோணல் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. இந்த மனிதர் தன் பேரைத் தானே சொல்ல வந்தார். நான் மறைக்க வந்திருக்கிறேன்.

உளியை வைத்தார். அடித்தார்.

ஒவ்வோர் அடியும் பள்ளத்தாக்கில் போய்த் திரும்பியது. முதல் எழுத்து உதிர்ந்தது. இரண்டாவதன் பாதி உதிர்ந்தபோது அடியும் எதிரொலியும் ஒத்துப்போகாததைக் கவனித்தார். அவர் இரண்டு முறை அடித்தால் திரும்பி வருவது நான்கு. கீழேயிருந்து. மரத்தில் கோடரி விழும் ஓசை. இல்லை, மரமில்லை. அதைவிட உள்ளீடற்றது. மூங்கில்.

கடைசிக் கோடும் போயிற்று. கல்லில் பெயர் இருந்த இடம் புதுப் புண்போல வெளுத்திருந்தது.

மேலே, கமிஹாராப் பக்கம், சருகுகள் நொறுங்கின. ஒருவர் நடை அல்ல. பலர். மெதுவாக, காலை இழுத்து இழுத்து. கூடவே ஒரு புளித்த வாடை, மருத்துவமனைப் படுக்கை வாடை.

"நிராசவா-சான்." மிகவும் மரியாதையான குரல். "ஒரே ஒரு தடவை திரும்பப் பாத்துச் சொல்லுங்க."

உளியைப் போட்டார். பையைப் போட்டார். சைக்கிளில் தாவினார். கற்கள் தெறித்தன. ஒரு வளைவு. இரண்டாவது வளைவு. கிளை முகத்தில் கீறியது. தார்ச்சாலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடிக் கம்பம் இல்லை. வெறும் மண்.

பிரேக்கை அழுத்தினார்.

பாதைக்குக் குறுக்கே அடைப்பு. பச்சை மூங்கில். வெட்டிய இடத்தில் இன்னும் ஈரம். வைக்கோல் கயிற்றால் ஒருவன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஊர். தெரிந்த முகங்கள், மூக்கு வரை துண்டு கட்டிய முகங்கள். அஞ்சல் அலுவலகக்காரர். ஹிசானோ. நீல அடுப்படி அங்கியோடு அவருடைய மனைவி.

"மிசாவோ! நான்தான். தொறக்கச் சொல்லு!"

மிசாவோ அவரை உற்றுப் பார்த்தாள். கண்களில் பகை இல்லை. அடையாளம் கண்டுகொண்ட குறியும் இல்லை.

"யாருங்க நீங்க?"

"என்னடி கேள்வி இது! நிராசவா! நிராசவா வீடு!"

அவள் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். "நிராசவாவாம். அப்படி ஒரு வீடு நம்ம ஊர்ல இருக்கா?"

"கேள்விப்பட்டதே இல்லயே. பாவம், பேதி முத்திப்போச்சு போல."

"தாகமா இருக்கு," என்றார் நிராசவா. அதைச் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மூங்கிலைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். நாளெல்லாம் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருங்கி, நகக்கண் நீலம் பாரித்திருந்தன.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள் மிசாவோ, இதமாக. "மன்னிச்சுக்கோங்க."

குனிந்து வணங்கினாள். ஊரே குனிந்து வணங்கியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி இறங்கிப் போனார்கள்.

பின்னால் காலடிகள் நின்றுவிட்டன. அவர் திரும்பினார். பாதை நெடுக மேலூர்க்காரர்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளும், தோளோடு தோள் சாய்ந்து, சத்தமில்லாமல், முகத்தை அடைப்பின் பக்கம் வைத்து. முன்வரிசையின் ஓரத்தில் ஒகிட்சு இருந்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

அவர் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருமளவுக்கு இடம் விட்டார்.