சூடு ஆறாத டர்போ!

செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அதை முறைத்தாள். அவளுடைய இரண்டு கால்களும் வெந்நீர் வாளிக்குள் இருந்தன. மூன்று நாள் தொடர்ந்து நின்றுகொண்டே பார்த்த பந்தோபஸ்து வேலைக்குப் பிறகு கெஞ்சி வாங்கிய அரை நாள் லீவு. அதில் நாற்பது நிமிடம்தான் செலவாகியிருந்தது.

"சொல்லுய்யா..."

"மேடம், தொந்தரவு பண்ணிட்டேனா?" கான்ஸ்டபிளின் குரல்.

"சேச்சே! நீ எப்ப கூப்பிடுவேன்னு தவம் கிடந்தேன். யாரு செத்தது?"

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"லீவு நாள்ல நீ நலம் விசாரிக்கவா கூப்பிடப் போற?"

"பைக் ரேஸ் டீம் ஓனர் மேடம். அவரோட ஆபீஸ்லயே... பின்மண்டையில ஒரே அடி! பக்கத்துல முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் கிடக்குது!"

அவள் வாளியைப் பார்த்தாள். தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. கொடுத்து வைக்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஓனர் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். சுவர் முழுக்கக் கோப்பைகள். இத்தனை ஜெயித்து என்ன பிரயோஜனம்... மண்டை ஓட்டுக்கு ஹெல்மெட் வேண்டியிருந்தது ஆபீஸில்தான்!

வாட்ச்மேன் உள்ளே வராமல் கதவோரமே நின்று சொன்னார்.

"மூணு மணிக்கு ஒரு பைக் வந்துச்சு மேடம். கறுப்பு ஹெல்மெட்டு, கறுப்பு லெதர் சூட்டு. பத்தே நிமிஷம். திரும்பிப் போயிட்டாரு."

"முகம்?"

"கண்ணாடியைத் தூக்கவே இல்லை. ஆனா வண்டி தெரியும். மச்சான் - மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப் வண்டி. ரெண்டு பேருமே அந்த ஒரே சூட்டைத்தான் மாத்தி மாத்திப் போடுவாங்க. ரெண்டு பேருமே ஒரே உசரம்."

"அடடா! கடவுள் எவ்வளவு வசதியா படைச்சிருக்கான் பாரு" என்றாள் இன்ஸ்பெக்டர் அலுப்பாக.

ஒர்க்‌ஷாப் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஒரே கூரை, இரண்டு மேஜை. தரையின் நடுவே நீளமாக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சான். நாற்பத்தைந்து வயது. ஒன்பது வருஷமாக டர்போ, டர்போ என்று அதிலேயே ஊறிப் போனவர். இந்தப் பக்கம், தூக்கக் கலக்கத்துடன், அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. சூப்பர்சார்ஜர் கட்சி. கோட்டின் மேலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, போன் எடுத்து, பார்ட்ஸ் கணக்குப் பார்ப்பவள் அந்தத் தங்கை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரே ஆள்.

"எதுக்குய்யா கோடு?"

"ஸ்பேனர் மாறிடுது மேடம்" என்றார் மச்சான். "ஸ்பேனர் மாறினா பேச்சு தடிச்சிடுது."

ஷெட்டின் வாசலில், மச்சானின் டர்போ பூட்டிய அந்த பைக் நின்றது. தாழ்ந்து, அகன்று, பாயத் தயாராக. கான்ஸ்டபிள் அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம். டர்போ, சூப்பர்... ரெண்டுமே காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான்தானே? இதுக்கு எதுக்கு சண்டை?"

மச்சானின் முகத்தில் ஒரு வெளிச்சம். "தள்ளுற விதம் வேற, தம்பி! வெளியே வீணா போற புகை இருக்குல்ல... அதை வச்சே சக்கரத்தைச் சுத்த விடுறது டர்போ. ஓசியில வர்ற பலம்! மாப்பிள்ளையோட சூப்பர்சார்ஜர் இன்ஜின்லேருந்தே பெல்ட் போட்டுச் சுத்தும். இன்ஜின் சம்பாதிக்கிறதுல ஒரு பங்கை அதுவே தின்னுடும்."

"ஆனா கையை முறுக்கின உடனே பாயும்" என்றாள் தங்கை, விட்டுக்கொடுக்காமல். "டர்போ கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் பாயும். வளைவுல போய் அப்படிப் பாஞ்சா ஆளையே தூக்கி எறிஞ்சிடும்னு இவரு சொல்லுவாரு."

"புரிஞ்சிடுச்சு!" என்றான் கான்ஸ்டபிள். "ஒண்ணு கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆளு. இன்னொண்ணு 'வரேன், வரேன்'னு இழுத்தடிச்சிட்டு, வந்தா கூரையைப் பிச்சுக்கிட்டு வர்ற ஆளு!"

"நீ ரெண்டுலயும் சேர்த்தி இல்லை. போய் அந்த சூட்டைத் தேடு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவன் உள்ளே போனான்.

அவள் மச்சானிடம் திரும்பினாள். "ஓனர் எதுக்காகச் செத்தார்னு நினைக்கிறீங்க?"

மச்சான் தயங்கினார். தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த சீசனுக்கு டீம் வண்டி எல்லாத்துக்கும் எதைப் போடறதுன்னு நாளைக்கு அறிவிக்கிறதா இருந்தார். மத்தியானம் எனக்கு போன் பண்ணினார். 'உன் டர்போதான்'னு சொன்னார். நான் மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். அவர் முகமே செத்துப் போச்சு..."

"மச்சான்!" மாப்பிள்ளை அதிர்ந்தார். "எப்ப சொன்னீங்க? என்கிட்டயா சொன்னீங்க?"

"மூணு மணிக்கு ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

"நான் இன்ஜின் கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். நடந்து போய் நடந்து வந்தேன்" என்றார் மச்சான்.

"நான்... பின் ரூம்ல தூங்கிட்டிருந்தேன் மேடம்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு மணிக்குப் படுத்தவன். நீங்க வந்துதான் எழுப்பினீங்க."

"சாட்சி?"

"தூங்கறதுக்கு யாரு மேடம் சாட்சி வச்சுக்குவாங்க?"

தங்கை பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போயிருந்தாள். ஆக, சாட்சி இல்லை.

எதிர்ச் சலவைக் கடைக்காரர் தானாகவே வந்து சேர்ந்தார். அக்கம்பக்கம் கொலை என்றால் இஸ்திரிப் பெட்டியைக்கூட அணைக்காமல் ஓடி வரும் ரகம்.

"நான் பார்த்தேன் மேடம்! மூணரை மணிக்கு அந்த வண்டி வந்துச்சு. ஹெல்மெட்டோட ஒரு ஆளு. வந்த கையோட டக்குனு ஆஃப் பண்ணாரு. பின் கதவு வழியா உள்ள போயிட்டாரு."

"அதுல என்ன விசேஷம்?"

"விசேஷமே அதுலதான்! மச்சானா இருந்தா ஆஃப் பண்ண மாட்டாரு. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டுட்டு, பக்கத்துலயே ரெண்டு நிமிஷம் காதை வச்சுக்கிட்டு நிப்பாரு. டர்போ ஆறணுமாம்! தினமும் இதே ரோதனை. தெருவே சண்டை போட்டுப் பார்த்தாச்சு. மனுஷன் அசையலையே! மாப்பிள்ளைதான் அவரோட சூப்பர்சார்ஜர் வண்டியில வந்து பழகி, வந்ததும் சாவியைத் திருகிடுவாரு. அவரு சாமானுக்கு அந்த வைத்தியம் வேண்டாமாம்."

எல்லோர் பார்வையும் மாப்பிள்ளையின் மேல் விழுந்தது.

"அந்த வண்டியை நான் தொட்டே ஒரு வாரம் ஆச்சு!" என்று அலறினார் மாப்பிள்ளை.

கான்ஸ்டபிள் கறுப்பு சூட்டுடன் வெளியே வந்தான். "பின் ரூம்ல, இவரோட கட்டிலுக்கு மேல ஆணியில தொங்கிச்சு மேடம். உள்ள வேர்வை இன்னும் காயலை. சூட்டோட கைப் பக்கம் ரெண்டு சொட்டு ரத்தம்!"

தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். நேராக வந்து இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்... எனக்கு அப்பா அம்மா கிடையாது. எங்க அண்ணன்தான் என்னை வளர்த்தான். அண்ணனும் இவரும்தான் என் உலகமே. இவரு எறும்பை மிதிச்சாலே வருத்தப்படுற ஆளு. தப்பா கூட்டிட்டுப் போயிடாதீங்க மேடம்!"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இதையே எத்தனை வீட்டில் கேட்டிருப்பாள்! ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வலித்துத் தொலைக்கிறது.

"அழாதே" என்று தங்கையின் தலையைத் தடவினார் மச்சான். "நல்ல வக்கீலா வைக்கிறேன். நான் இருக்கேன்ல?"

மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள். பைக்கை லாரியில் ஏற்றினார்கள். தங்கை கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டர் லாக்கப் கம்பிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லை.

"ஒத்துக்கிட்டா எனக்கும் வேலை மிச்சம், உனக்கும் உடம்பு மிச்சம்."

"பண்ணாததை எப்படி மேடம் ஒத்துக்கறது?" மாப்பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. "அதை விடுங்க. மச்சான் எப்படி இருக்கார்? அழுதாரா?"

"எதுக்கு அழணும்?"

"அந்த டர்போவுக்காகத்தான். விரட்டிட்டு வந்த சூட்டோட யாரோ ஆஃப் பண்ணியிருக்கான்ல? இன்ஜின் நின்னா எண்ணெய் ஓட்டமும் நின்னுடும். உள்ள சிவக்கச் சிவக்கக் காய்ஞ்சிருக்கும். தேங்கின எண்ணெய் கரியாகி, சக்கரம் சுத்துற தண்டு இறுகிப் போயிடும். போன வருஷம் நான் ஒரே ஒரு தடவை மறந்துபோய் அப்படிப் பண்ணிட்டேன்... மூணு மாசம் மனுஷன் என்கூடப் பேசலை மேடம். தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டைக்கூடத் தொடலை!"

"ஒரு தடவைக்கா?"

"ஒரே தடவைக்கு. கொலை பண்ணவனைக்கூட மன்னிச்சிடுவார். இதை மன்னிக்கவே மாட்டார்!"

இன்ஸ்பெக்டர் ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தாள்.

நேற்று சலவைக் கடைக்காரர் சொன்னபோது, மச்சான் பக்கத்திலேயே நின்றிருந்தார். டக்குனு ஆஃப் பண்ணினார் என்று காதாலே கேட்டார். வண்டி நாலடி தூரத்தில் நின்றது...

மனுஷர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

"யோவ் கான்ஸ்டபிள்! மச்சானை வரச் சொல்லு. வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து வேணும்னு மட்டும் சொல்லு."

மச்சான் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டையில் வந்தார். தங்கை ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்றார். பாவம் என்றார். காகிதத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"உங்க மாப்பிள்ளை மேல கேஸ் இறுகிடுச்சு" என்றாள் இன்ஸ்பெக்டர், கொட்டாவியை மறைத்தபடி. "நிபுணர் வந்து டர்போவைக் கழட்டிப் பார்த்தார். உள்ள மொத்தமும் கரி. தண்டு அசையக்கூட மாட்டேங்குதாம். சூட்டோட ஆஃப் பண்ணதுக்கு அதைவிட சாட்சி என்ன வேணும்?"

பேனா நின்றது.

"கரியா...?"

"முழுக்க. இனிமே காயலான் கடைக்குத்தானாம்."

"இருக்காது மேடம். வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"பெரிய நிபுணர்ங்க. அவர் சொல்றாரு... அந்த டர்போவே மட்டமான வேலையாம். செஞ்சவனுக்குத் தொழில் தெரியலையாம்!"

மச்சானின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எவன் சொன்னது? இறுகாது! இறுகவே இறுகாது! வர்ற வழியில தண்ணி டேங்குக்குப் பின்னால நிறுத்தி, முழுசா ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆத்தினேன்! அதுக்கப்புறம் உருட்டுற மாதிரி மெதுவாத்தான் கொண்டு வந்தேன்! அது எப்படி..."



கான்ஸ்டபிள் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மச்சான் மெல்ல, மிக மெல்ல, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார்.

"ஓனர் போன்ல நிஜமா என்ன சொன்னார்?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர். அவள் குரலில் வெற்றி இல்லை. அசதிதான் இருந்தது.

"சூப்பர்சார்ஜர்தான்னு சொன்னார். 'உன் மாப்பிள்ளையோடது ஓட்டறவனுக்கு பயமில்லாம இருக்கு'ன்னார். ஒன்பது வருஷம் மேடம்! நேர்ல போய்க் கெஞ்சினேன். சிரிச்சுட்டு முதுகைத் திருப்பினார்..."

"கெஞ்சப் போறவன் எதுக்கு ஸ்பேனரும் ஹெல்மெட்டுமா போகணும்?"

மச்சான் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"கூடப் பிறந்தவ புருஷனை மாட்டிவிட மனசு எப்படி வந்துச்சு?"

"அவன் ஜெயிக்கிறதைப் பார்க்க முடியலை. தங்கச்சியைக் காலம் பூரா நான் பார்த்துக்கலாம்னு நினைச்சேன்." தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். "மேடம்... நிஜமாவே அது இறுகிடுச்சா?"

"அதை இன்னும் யாரும் கழட்டவே இல்லை."

மச்சான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். தூக்குக் கயிறு அறுந்து தப்பித்தவனுக்குக்கூட முகத்தில் அத்தனை நிம்மதி வராது!

அவரை உள்ளே தள்ளி, மாப்பிள்ளையை வெளியே விட்டார்கள். கதவருகே இருவரும் ஒரு கணம் எதிரெதிரே நின்றார்கள். மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தங்கை இறங்கினாள். ஒரு கையில் கணவனுக்கு மாற்றுத் துணி. இன்னொரு கையில் சாப்பாட்டுக் கேரியர்.

"மேடம், அவரைப் பார்க்கலாமா?"

"அவரை விட்டாச்சும்மா. அவர் பண்ணலை. கூட்டிட்டுப் போகலாம்."

கேரியர் நழுவிக் கீழே விழப் பார்த்தது. கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டான். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம்... எனக்குத் தெரியும்! எங்க அண்ணன் எங்க? இங்கதானே வந்தான்? முதல்ல அவன்கிட்ட சொல்லணும். கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவான் தெரியுமா!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் அவசரமாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"மேடம்... எங்கயாவது புதுசா ஒரு கொலை விழுந்திருந்தா சொல்லுங்க, இப்பவே ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இதை மட்டும் நீங்களே சொல்லிடுங்க!"