அடியில் படியாத சிவப்பு

கால்நடை மருத்துவமனை மேசைமேல் கிடந்த நாய் கருப்பி வாலைக்கூட அசைக்கவில்லை. அதைத் தூக்கி வந்த கொழுந்தன் வண்டியை ஓரமாக நிறுத்தப் போனதும், அவனுடைய அண்ணி குழந்தையை இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"டாக்டரம்மா, அவன்தான் எலி மருந்து வச்சிருக்கான். மூத்திரம் ரத்தமா போகுது. சோத்தைப் பேப்பர்ல மடிச்சு எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போறான், கண்ணால பாத்தேன். வீட்டுல பங்கு கேட்டு ஏற்கெனவே சண்டை. இன்னிக்கு நாய், நாளைக்கு..." அவள் குரல் உடைந்தது. "வீட்டுக்காரர் வெளியூர்ல. நான் எப்படித் திரும்பிப் போவேன்?"

கால்நடை மருத்துவர் கருப்பியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளிறியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"வெளிய விடுவீங்களா?"

"வாசப்படி தாண்டாது."

"போலீசுக்குச் சொல்லிடலாமா மேடம்?" ஆய்வகப் பெண் துடித்தாள்.

"முதல்ல ரத்தத்தையும் மூத்திரத்தையும் எடுத்து மெஷின்ல சுத்து. சொட்டு ரத்தம் கண்ணாடியிலயும் தடவு."

சுழலும் இயந்திரம் நின்றது. சிறுநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. ரத்தக் குழாயின் அடியில் அணுக்கள் கொஞ்சமே இருந்தன; மேலே நின்ற நீரும் சிவந்திருந்தது.

மருத்துவர் கொழுந்தனை உள்ளே அழைத்தார். அவன் தலை நிமிரவில்லை. சட்டையில் குட்டையான வெள்ளை முடிகள் ஒட்டியிருந்தன.

"எலி மருந்துன்னா ரத்தம் கசியும். மூத்திரத்துல கலந்தாலும், சுத்தினா சிவப்பணு அடியில படிஞ்சு மேல தெளிஞ்சிடும். இது தெளியல. அணுவெல்லாம் ரத்தத்துக்குள்ளேயே உடைஞ்சு, சாயம் மட்டும் இறங்குது. உடைச்சது யாருன்னு பாருங்க."

அண்ணி நுண்ணோக்கியில் குனிந்தாள். வெளிறிய வட்டமாய்த் தெரிந்த ஓர் அணுவுக்குள் நுனி ஒட்டிய இரண்டு ஊதாத் துளிகள்.

"அணுவை உடைக்கிற ஒட்டுண்ணிக் கிருமி. உண்ணி கடிச்சு ஏறினது." காது மடலுக்குள் உப்பிக் கிடந்த உண்ணியைக் காட்டினார்.

"வாசப்படி தாண்டாத நாய்க்கு உண்ணி எப்படி?" என்றாள் ஆய்வகப் பெண்.

மருத்துவர் அவன் சட்டையிலிருந்து ஒரு முடியை எடுத்தார். "கருப்பி மேல தேடினாலும் வெள்ளை முடி கிடையாது. தம்பி, இன்னொரு நாய் எங்க?"

அவன் முகம் வெளுத்தது. "மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குக் கீழ. தெருவுல அடிபட்டுக் கெடந்த குட்டி. அண்ணி வேணாம்னுடுவாங்கன்னு சொல்லல. சோறு அதுக்குத்தான். கருப்பியும் மேல வந்து அதோட படுத்துக்கும்." சட்டென்று நிமிர்ந்தான். "விஷமா? என்னையா அப்படி நெனச்சீங்க, அண்ணி?"



"அதை வீட்டுல பேசிக்கங்க. இது பிழைக்கறதே சந்தேகம்" என்றபடி மருத்துவர் ஊசியை ஏற்றினார். "குட்டியையும் கொண்டு வாங்க, சீக்கிரம்."

அவன் ஓடினான். அவள் கருப்பியின் விலாவில் கைவைத்து உட்கார்ந்தாள். அது மூச்சு இழுக்கும்போதெல்லாம், அடுத்தது வருமா என்று பார்த்திருந்தாள். சாயங்காலம் கருப்பி தண்ணீரை நக்கிய பிறகே அவளுக்கு உயிர் வந்தது. ஈறு சிவக்கப் பல நாள் பிடித்தது.

அன்று சாயங்காலத்துக்கு வெகு முன்பே அவன் குட்டியோடு வந்துவிட்டான். அது தலை தொங்கிக் கிடந்தது.

"யாரோட நாய்னு எழுதட்டும்?" என்று கேட்டாள் ஆய்வகப் பெண்.

அவன் தயங்கினான். அண்ணி எழுந்து வந்து குட்டியை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டு நாய்தான். ஊசியைப் போடுங்க."