நானூற்றுப் பதினோரு பாதங்கள்

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அதனால் வீட்டில் எனக்கு 'சந்தேகம்' என்று பெயர். அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. இந்தக் கதைக்கு அது தேவையில்லை.

எங்கள் அம்மா ஷூ செய்கிறார். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஷூ இல்லை. ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் சிறிதாகவும் இருப்பவர்கள், பாதம் வளைந்து பிறந்தவர்கள், விபத்தில் விரல் இழந்தவர்கள் ஆகியோருக்கெல்லாம் கடை ஷூ பொருந்தாது. அவர்கள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் காலை வைத்தால், பாதத்தின் வடிவம் மேடு பள்ளத்தோடு கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அதைப் பார்த்துத்தான் அம்மா தோலை வெட்டுவார்.

யார் வந்தாலும் அம்மா முதலில் காலைத்தான் பார்ப்பார். முகத்தை மறந்துவிடுவார், காலை மறக்கமாட்டார்.

மூன்று வருடத்தில் இருநூற்று ஏழு பேர் வந்திருந்தார்கள். மொத்தம் நானூற்றுப் பதினோரு பாதங்கள். "நானூற்றுப் பதினான்கு வரணுமே?" என்று கணக்கில் புலியான நீங்கள் கேட்பீர்கள். மூன்று பேருக்கு ஒரு கால்தான்.

இத்தனை பாதங்களும் உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா ஒன்றில் இருந்தன. அதுதான் ஹார்டு டிஸ்க். ஒரு வயரால் கம்ப்யூட்டரோடு சேர்த்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த டப்பாவைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்மா சத்தமாகப் படித்தார். குறிப்பிட்ட சில டிஸ்க்குகளில் ஒரு குறை இருக்கிறதாம். அவை எந்த நேரமும் நின்றுபோகலாமாம். வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஆள் வந்து புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிப் போவார்களாம். உள்ளே இருப்பதை அதற்குள் நகல் எடுத்துக்கொள்வது நம் பொறுப்பாம்.

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே! மூணு வருஷமா நல்லாத்தானே ஓடுது?" என்றார் அப்பா.

அப்பா பஸ் டிரைவர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, பிரேக்ல குறை இருக்குன்னு கம்பெனிக்காரங்க உங்க பஸ்ஸைத் திருப்பிக் கேட்டா, நீங்க அதை ஓட்டுவீங்களா?"

அப்பா எழுந்தார். பிறகு, "டார்ச்சை எடுத்துட்டு வா. நம்ம டப்பாவோட நம்பர் என்னன்னு பாக்கலாம்" என்றார்.

எறும்பு எழுதியது போலப் பொடி எழுத்தில் டப்பாவின் அடியில் பன்னிரண்டு இலக்கங்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மா மின்னஞ்சலோடு ஒப்பிட்டார். பன்னிரண்டும் பொருந்தின.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "குருவியோட கால் இதுலதானே இருக்கு?" என்றார்.

குருவி ஆறு வயதுப் பெண். கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். அவளுடைய வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். அளவு கொடுத்த மறுவாரமே அவள் குடும்பம் ஒரு நாள் ரயில் தூரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். முதல் நாளே ஷூ போட்டுக்கொண்டு போகலாம் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். இடது கால் ஷூ தயார். வலது காலுக்கு இன்னும் தோல்கூட வெட்டவில்லை.

"கவலைப்படாதீங்க. மாமாவைக் கூப்பிடலாம்" என்றார் அப்பா.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் யாருடைய போன் மக்கர் செய்தாலும், கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் அவர்தான் வருவார். அந்த டிஸ்க்கை வாங்கி மாட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

புதன்கிழமை மாலை மாமா ஒரு பென்டிரைவோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கினார். கம்ப்யூட்டர் திரையின் முகப்பில் 'பாதங்கள்' என்று ஒரு படம் இருக்கும். அதை இழுத்துப் பென்டிரைவில் போட்டார்.

"முடிஞ்சுது!"

"அதுக்குள்ளயா?" என்றேன். அம்மா கொண்டுவந்து வைத்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"மாமான்னா சும்மாவா?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "சந்தேகம், உனக்குச் சந்தேகமா இருந்தா இங்க பாரு."

பென்டிரைவைத் திறந்து, 'பாதங்கள்' மேல் அழுத்திக் காட்டினார். உள்ளே பாதங்கள் வரிசையாக இருந்தன. குருவியின் வலது பாதமும் இருந்தது. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பள்ளி நாடகத்தை வீடியோ எடுத்தபோது, அந்த ஒரே ஒரு வீடியோவை நகல் எடுக்கவே இருபது நிமிடம் ஆனது. நானூற்றுப் பதினோரு பாதங்கள் டீ ஆறுவதற்குள் எப்படிப் போயின?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட் போட்ட கூரியர் அக்கா புது டிஸ்க்கை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அக்காவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய டிஸ்க் கழற்றப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் தயாராக இருந்தது. மாமா அதை ஒட்டுவதற்கு டேப் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்! பென்டிரைவை இன்னொரு தடவை திறந்து பாக்கலாமா?" என்றேன்.

"நேத்துதானே உன் கண்ணு முன்னாடி திறந்து காட்டினேன்?"

"நேத்து டிஸ்க்கும் கூடவே மாட்டியிருந்துச்சு மாமா. இப்ப அது இல்லாம பாக்கணும்."

மாமா சிரித்தார். "அக்கா, உங்க பொண்ணு பெரிய போலீஸா வருவா" என்று சொல்லிக்கொண்டே பென்டிரைவைச் சொருகினார். 'பாதங்கள்' மேல் அழுத்தினார்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'நீங்கள் தேடும் இடம் கிடைக்கவில்லை.'

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே கட்டம். மாமாவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். 'பாதங்கள்' படத்தின் ஓரத்தில் பொடியாக ஓர் அம்புக்குறி இருந்தது.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! இது குறுக்குவழி. டிஸ்க்குக்குள்ள சட்டுன்னு போறதுக்காக நானே வெச்சது. நான் காப்பி எடுத்தது இதை மட்டும்தான்."

"அப்படின்னா?" என்றார் அம்மா.

"வீட்டைத் தூக்கிட்டு வர்றதுக்குப் பதிலா விலாசத்தை மட்டும் எழுதிட்டு வந்திருக்கோம்" என்றேன்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துப் போட எடுத்த பேனா இன்னும் கையில் இருந்தது. அந்தப் பேனா ஒரு வரி எழுதியிருந்தால், குருவியின் கால் அட்டைப்பெட்டியோடு போயிருக்கும். ஆனால் டிஸ்க் இன்னும் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது!

"அக்கா, கொஞ்சம் காத்திருக்க முடியுமா?" என்று கூரியர் அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னும் பதினோரு வீடு இருக்கும்மா. ஆனா, டிஸ்க்கைக் கையோட வாங்காமப் போனா புதுசைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

"கடைசி வீட்டை முடிச்சுட்டு எந்த வழியா ஆபீஸுக்குப் போவீங்க?"

அக்கா யோசித்தார். "இதே தெரு வழியாத்தான்."

"அப்ப திரும்பிப் போறப்ப எங்க வீட்டுக்கு வாங்க. எங்களையே கடைசி வீடா வெச்சுக்கோங்க."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். "ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுவேன். புது டிஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

உள்ளே மாமா சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல நாக்கு துடித்தது. அதை மென்று விழுங்கினேன்.

"மாமா, நீங்க விளக்கலைன்னா அந்த அம்புக்குறி என்னன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. வாங்க, ரெண்டு மணி நேரம் இருக்கு. நீங்கதான் வேகமா வேலை செய்வீங்க."

மாமா வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை காலரைத் தூக்கவில்லை. இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டி, பழையதற்கு உள்ளேயே நேராகப் போனார். நானூற்றுப் பதினொன்றையும் மொத்தமாகப் பிடித்து இழுக்கப் போனார்.

"இருங்க! நடுவுல டிஸ்க் நின்னுட்டா எது வந்தது, எது வரலைன்னு எப்படித் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். மறுபடி அளக்க முடியாதவங்க காலை முதல்ல எடுக்கலாம். அம்மா, யார் யார்?"

அம்மா எழுந்து வந்தார். அவருக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. "முதல்ல குருவி. அப்புறம் கப்பல்ல வேலைக்குப் போன தம்பி. காலில் ஆபரேஷன் பண்ணி இப்பக் கட்டுப் போட்டிருக்கற டீச்சர்..." என்று சொல்லிக்கொண்டே போனார். மாமா இழுத்துப் போட்டார். நான் ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதி, வந்ததும் கோடு போட்டேன்.

குருவியின் வலது பாதம் வந்து சேர்ந்தபோது, அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டேன். பிறகு தூர ஊர்க்காரர்கள். பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். பிறகு பக்கத்துத் தெரு.

முந்நூறைத் தாண்டியதும் டப்பாவுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தது. திரை அசையாமல் நின்றது.

"போச்சு!" என்றார் மாமா.

"போகலை. கழற்றிட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு மாட்டுங்க" என்றார் அம்மா. எப்படித்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னாரோ! ஐந்து நிமிடம் கழித்து மாட்டினோம். டிஸ்க் முனகிக்கொண்டே ஓடியது.

ஐந்து ஐம்பதுக்கு, பட்டியலில் ஒருவர் மட்டும் மீதி. அது நான்தான். என் பெயரைக் கடைசியில் எழுதியது நானேதான். என் கால்கள் எங்கேயும் போகப்போவதில்லையே! மாமா இழுத்தார். 'டக்' என்றது. பிறகு சத்தமே இல்லை. கழற்றினோம், காத்திருந்தோம், மாட்டினோம். டிஸ்க் கண் திறக்கவே இல்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

யாரும் சொல்லாமலே மாமா தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். புது டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினார். "இதுல குறுக்குவழி எதுவும் கிடையாது" என்றார். முதல் பாதத்தைத் திறந்தார். திறந்தது. கடைசிப் பாதம், நடுவில் பத்துப் பன்னிரண்டு, எல்லாம் திறந்தன. நான் மொத்தத்தைப் பார்த்தேன். நானூற்று ஒன்பது.

"எல்லாத்தையும் எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கூரியர் அக்கா வந்தார்.

"என் காலைத் தவிர எல்லாம்!" என்றேன்.

அக்கா திடுக்கிட்டு என் கால்களைப் பார்த்தார். இரண்டும் இருப்பதை உறுதி செய்துகொண்டபின், கையெழுத்து வாங்கிப் பழைய டிஸ்க்கை எடுத்துப் போனார்.

மாமா புது டிஸ்க்கை மறுபடி எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டி, அதிலிருந்து பென்டிரைவுக்கு இன்னொரு நகல் எடுக்க உட்கார்ந்தார். அதைத் தன் வீட்டு அலமாரியில் வைக்கப்போகிறாராம். டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு டீயும் குடித்தார். நகல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அம்மா மட்டும் என் தாளில் கோடு விழாத கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"நான் முதன்முதல்ல அளந்ததே உன் காலைத்தான் கண்ணு. ஏழு வயசுக் கால். போயிடுச்சே."

எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தேன். பிறகு பள்ளி ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியின்மேல் ஏறி நின்றேன்.

"பத்து வயசுக் கால் இருக்கு. அளந்துக்கோங்க."

வெளிச்சம் பாதத்துக்கு அடியில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல ஊர்ந்தது. அம்மா திரையைப் பார்த்தார். கீழே கிடந்த என் ஷூவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இவ்வளவு வளர்ந்துட்டியா? அப்ப அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு எப்படி நடக்கற?"

"விரலை மடக்கிக்கிட்டு."

ஊருக்கெல்லாம் ஷூ செய்யும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் எட்டித் திரையில் எண்ணிக்கையைப் பார்த்தேன். நானூற்றுப் பதினொன்று.

குருவியின் ஷூ வெள்ளிக்கிழமை பார்சலில் போனது. திங்கட்கிழமை மாலை அவள் போனில் கீச்சிட்டதில் பாதி புரியவில்லை. ஆனால் ஓடினாளாம், அது புரிந்தது.

என் ஷூ அடுத்த வாரம் தயாரானது. நீல நிறம். இப்போது என் பத்து விரல்களும் நன்றாக நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகின்றன.